இளங்குற்றவாளிகளின் அன்னை மேரி கார்பென்டர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நண்பர்கள் நால்வர் பெங்களூரு சேஷாத்திரி சாலையிலுள்ள சுதந்திரப் பூங்காவிற்குச் சென்றிருந்தோம். முன்னாளில் அஃது இந்நகரின் மத்தியச் சிறைச்சாலை. இன்று மரங்களும் புல்தரையும் நடைபாதையும் அமைந்த அழகிய பூங்கா. ஆயினும் பழைய காவற்கோபுரமும் சிறையறைகள் சிலவும் இடிக்கப்படாமல் நிற்கின்றன. அவ்வறைகளுள் ஒன்றன் முன் நின்றபோது எங்களுக்குள் ஒரு வாதம் மூண்டது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் கொலைக் குற்றத்தில் பிடிபட்ட செய்தியை அன்று காலை நாளேட்டில் படித்திருந்தோம். ஓர் உயிரைப் பறிக்கத் தெரிந்தவனுக்கு வயதைக் காட்டிச் சலுகை தருவது அநீதி என்றார் ஒரு நண்பர். மாண்டவனின் தாய்க்கு என்ன விடை சொல்வது என்றும் கேட்டார். அரும்பு மீசைப் பையனை ஆயுள் முழுதும் அடைத்து வைப்பதால் மாண்டவன் மீளுவானோ என்றார் மற்றொருவர். இருவர் சொல்லிலும் உண்மை இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

வேதியியல் படிப்பவனுக்குச் சட்டம் எங்கே தெரியும்? எனினும் அவ்வினா என்னை விடவில்லை. நூலகத்தில் தேடப் புகுந்தேன். தேடிய இடமெல்லாம் ஓர் அம்மையாரின் பெயர் எதிர்ப்பட்டது. ஆங்கில நாட்டில் பிறந்து, இந்திய மண்ணை நான்கு முறை மிதித்து, குற்றம் புரிந்த சிறுவர்க்காகத் தம் வாழ்நாளையே ஈந்த அவ்வம்மையார்தாம் மேரி கார்பென்டர். அவர் வரலாற்றை நம் மாணவ நண்பர்கள் அறியவேண்டும் என்னும் ஆவலால் இங்கே எழுதுகிறேன்.

பிறப்பும் வளர்ப்பும்

மேரி கார்பென்டர் 1807ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரிற் பிறந்தார். தந்தையார் லான்ட் கார்பென்டர் ஒரு சமயப் போதகர். பள்ளியும் நடத்தி வந்தார். 1817இல் அக்குடும்பம் பிரிஸ்டல் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தது. பெண்களுக்குத் தையலும் இசையும் போதும் என்று எண்ணிய காலம் அது. ஆனால் அத்தந்தையார் தம் மகளுக்கு இலத்தீனும் கிரேக்கமும் கணக்கும் இயற்கை அறிவியலும் கற்பித்தார். பையன்களோடு சரிநிகராக அமர்ந்து அவர் கற்றார். கற்றதைப் பிறர்க்கு ஊட்டும் பணியே அவர்க்கு வாழ்வாயிற்று. 1829இல் தாயாரும் உடன்பிறந்த பெண்களும் துணை நிற்க ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார்.

1833ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்பம் தந்த ஆண்டு. அவ்வாண்டில் இருவர் பிரிஸ்டலுக்கு வந்தனர். ஒருவர் நம் நாட்டு இராஜா ராம்மோகன் ராய். உடன்கட்டை ஏறும் கொடுமையை எதிர்த்துப் போராடிய அப்பெரியார், கார்பென்டர் குடும்பத்தாரின் நட்பை நாடி வந்தார். வந்த இடத்தில் நோயுற்று, அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் காலமானார். இருபத்தாறு வயது மேரியின் உள்ளத்தில் இந்தியா என்னும் பெயர் அன்று பதிந்தது.

மற்றொருவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஏழைகளிடையே தொண்டாற்றிய ஜோசப் டக்கர்மன். மேரி அவரோடு பிரிஸ்டலின் குறுகிய சந்து ஒன்றில் நடந்து செல்கையில், கந்தலுடுத்த சிறுவன் ஒருவன் குறுக்கே ஓடி மறைந்தான். அப்படிப்பட்ட பிள்ளையை அவன் வீடு வரை பின்தொடர்ந்து சென்று பார்க்கவேண்டும் என்று டக்கர்மன் கூறினாராம். அச்சொல் மேரியின் நெஞ்சில் தைத்தது. 1835இல் ஏழையர் இல்லங்களுக்கு நேரிற் சென்று உதவும் சங்கம் ஒன்றை அவர் தோற்றுவித்தார்.

அந்நாளைய நீதி

அக்காலத்து இங்கிலாந்தில் குற்றம் செய்த சிறுவனுக்கு என்ன கிடைத்தது என்று அறிந்தாலன்றி அம்மையாரின் தொண்டு விளங்காது. ஏழு வயது கடந்தவன் குற்றவாளிக் கூண்டில் ஏறலாம். பெரியவனுக்குரிய தண்டனையைப் பெறலாம். 1831ஆம் ஆண்டில் ஜான் பெல் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன், மற்றொரு சிறுவனைக் கொன்ற குற்றத்திற்காக மெய்ட்ஸ்டன் நகரில் பலர் காணத் தூக்கிலிடப்பட்டான். திருடிய சிறுவர் பலர் கப்பலேற்றப்பட்டு ஆஸ்திரேலியாவிற்கு நாடு கடத்தப்பட்டனர். ஏனையோர் முதிர்ந்த கள்வரோடும் கொலைஞரோடும் ஒரே சிறையில் அடைக்கப்பட்டனர். உள்ளே போகும்போது பசிக்காக ரொட்டி திருடியவன், வெளியே வரும்போது பூட்டுடைக்கும் கலையில் தேர்ந்தவனாக வந்தான். பின்னர் 1838இல் சிறுவர்க்கென்றே பார்க்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் தனிச் சிறை அமைத்தனர். அங்கும் தொடக்கத்தில் அவர்கள் காலில் இரும்புத் தளை பூட்டப்பட்டது.

இதனைக் கண்டு மேரி மனம் நொந்தார். எனினும் வெறும் இரக்கத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1840இல் தந்தையார் கடற்பயணத்தில் தவறி விழுந்து மாண்டபோது சில காலம் துயரில் ஆழ்ந்திருந்த அவர், 1846இல் பிரிஸ்டலின் லூயின்ஸ் மீட் பகுதியில் கந்தலுடைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். குளியாத பிள்ளைகள், ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பிள்ளைகள், ஆசிரியரைக் கண்டால் கூச்சலிடும் பிள்ளைகள். இவர்களோடு பழகிய ஆண்டுகளில் அவர் ஓர் உண்மையைக் கண்டார். சிறுவன் என்பவன் உருவிற் சிறிய மனிதன் அல்லன். பிறர் தயவில் வளரவேண்டிய நிலையில் இருப்பவன். அவனைப் பேணவேண்டிய வீடும் ஊரும் கைவிட்டபின், அவன் செய்த குற்றத்தின் முழுச் சுமையையும் அவன் தோளிலேயே ஏற்றுதல் நேர்மையன்று.

நூலும் சட்டமும்

இக்கருத்தை விளக்கி 1851இல் சீர்திருத்தப் பள்ளிகள் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். மூவகைப் பள்ளிகள் வேண்டும் என்பது அந்நூலின் சாரம். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பகற்பள்ளி. திரிந்து பிச்சையெடுக்கும் பிள்ளைகளுக்கு உணவும் தொழிலும் தரும் பள்ளி. குற்றம் புரிந்தவர்க்குச் சிறைக்குப் பதிலாகச் சீர்திருத்தப் பள்ளி. அவ்வாண்டு டிசம்பரில், பர்மிங்ஹாம் நகர நீதிபதி மாத்யூ டேவன்போர்ட் ஹில் போன்றோர் துணையுடன் அந்நகரில் ஒரு மாநாடு கூடிற்று. கூட்டுவித்தவர் மேரியே. ஆனால் பெண்ணொருத்தி பொதுமேடையிற் பேசுதல் தகாது என்று அந்நாளில் கருதப்பட்டமையால், அம்மாநாட்டில் அவர் ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருந்தார்! மறு ஆண்டே நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்ல அவர் அழைக்கப்பட்டார். அன்று அவர் தயங்கவில்லை.

சொன்னதைச் செய்து காட்டவேண்டும் அல்லவா? 1852இல் கிங்ஸ்வுட் என்னுமிடத்தில் சீர்திருத்தப் பள்ளியைத் தொடங்கினார். 1854இல் பிரிஸ்டல் நகரின் நடுவே ரெட் லாட்ஜ் என்னும் பழைய மாளிகையில் பெண்பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளி தோன்றிற்று. இங்கிலாந்தில் பெண்களுக்கென அமைந்த முதற் சீர்திருத்தப் பள்ளி அதுவே. அம்மாளிகையை விலைக்கு வாங்கித் தந்தவர் கவிஞர் பைரனின் மனைவியார். அப்பள்ளிகள் சிறைபோல் அன்றி வீடுபோல் இருத்தல்வேண்டும் என்பது மேரியின் கொள்கை.

எல்லாம் இனிதே நடந்தன என்று எண்ணவேண்டா. கிங்ஸ்வுட்டிலிருந்து பிள்ளைகள் ஓடினர். ஓடிய இடத்தில் திருடினர். நிருவாகக் குழுவினரோடு கருத்து வேற்றுமையும் எழுந்தது. அன்பு ஒன்றே போதும் என்று அவரும் இருந்துவிடவில்லை. வேலையும் ஒழுங்கும் கட்டுப்பாடும் அவர் பள்ளியில் கடுமையாகவே இருந்தன. குற்றம் செய்த பிள்ளையை அப்படியே விட்டுவிடுக என்று அவர் எங்கும் கேட்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அவனைப் பொறுப்பேற்று வளர்க்கவேண்டும் என்றே கேட்டார்.

1854ஆம் ஆண்டில் இளங்குற்றவாளிகள் சட்டம் நிறைவேறியது. பதினாறு வயதிற்குட்பட்டோரை இரண்டு முதல் ஐந்தாண்டு வரை சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப நீதிபதிகளுக்கு அதிகாரம் கிடைத்தது. ஆனால் அதில் ஒரு முள் ஒட்டியிருந்தது. பள்ளிக்குச் செல்லுமுன் பதினான்கு நாட்களேனும் சிறையில் கிடக்கவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. செய்த தவற்றிற்குக் கொஞ்சமாவது வலிக்கவேண்டும் என்பது சட்டம் செய்தோர் எண்ணம். அப்பதினான்கு நாட்களில் பிள்ளை கற்றுக்கொள்வதை அழிக்க ஆண்டுகள் பலவாகும் என்பது மேரியின் வாதம். தம் இறுதிவரை அவ்விதியை அவர் எதிர்த்தார். அது முற்றிலும் நீங்கியது அவர் மறைந்து இருபதாண்டுகளுக்குப் பின்னரேயாம்.

இந்தியப் பயணம்

1866இல், ஐம்பத்தொன்பதாம் வயதில், அம்மையார் இந்தியாவிற்குக் கப்பலேறினார். ராம்மோகன் ராயின் இறுதி நாட்களைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளியானதும் அவ்வாண்டிலேயே. உடன் பயணம் செய்தவர் வங்கத்து வழக்கறிஞர் மனமோகன் கோஷ். அகமதாபாத்தில், இந்தியர்களுள் முதன்முதல் ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற சத்தியேந்திரநாத் தாகூரின் விருந்தினராகத் தங்கினார். பின்னர்ச் சூரத், பம்பாய், பூனா, சென்னை, கல்கத்தா என்று பல நகரங்களுக்குச் சென்றார். பெண்கள் பள்ளிகளைப் பார்த்தார். பெண் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரிகள் வேண்டும் என்று அரசினரை வற்புறுத்தினார். போகுமிடமெல்லாம் சிறைச்சாலைகளையும் பார்த்தார். சிறைவாசிகளுக்குக் கல்வி இல்லாமையும், இரவில் அவர்கள் ஒருங்கே அடைக்கப்படுவதும் அவரை வருத்தின. சிறுவர்க்குச் சீர்திருத்தப் பள்ளிகள் வேண்டும் என்று அரசினர்க்கு எழுதினார்.

அப்போது இந்தியாவில் அவ்வகைப் பள்ளி அறவே இல்லாமலில்லை. பம்பாயில் சசூன் குடும்பத்தார் 1857இலேயே ஒன்றை நிறுவியிருந்தனர். ஆனால் நாடு முழுதும் பொருந்தும் சட்டம் இல்லை. 1868, 1869, 1875 என்று மீண்டும் மீண்டும் அம்மையார் கடல் கடந்து வந்தார். அவர் நான்காம் முறை வந்து சென்ற 1876ஆம் ஆண்டில் இந்தியச் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் பிறந்தது. சிறைத்தண்டனை பெற்ற பதினாறு வயதிற்குட்பட்ட சிறுவனைச் சிறைக்குப் பதிலாகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப அச்சட்டம் வழி செய்தது. பல ஆண்டுகளாக அவர் இட்ட குரலுக்கு அதில் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

அடுத்த ஆண்டு, 1877 ஜூன் மாதத்தில் ஓரிரவு, உறங்கச் சென்றவர் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்போது வயது எழுபது. மணம் புரியாத அவர், ஒரு சிறுமியைத் தத்தெடுத்து வளர்த்திருந்தார். பிரிஸ்டலின் ஆர்னோஸ் வேல் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். ராம்மோகன் ராயின் கல்லறை மண்டபமும் அங்கேதான் இருக்கிறது.

தமிழகத்தில் விழுந்த விதை

அச்சட்டத்தின் பயனாகத் தமிழகத்தில் 1887இல் செங்கற்பட்டில் சீர்திருத்தப் பள்ளி எழுந்தது. 1920ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் சிறுவர் சட்டத்தை இயற்றிற்று. அத்தகைய சட்டத்தை இந்தியாவில் முதன்முதல் இயற்றிய மாகாணம் நம் மாகாணமே. வங்கமும் பம்பாயும் அதன்பின் வந்தன. விடுதலைக்குப் பின், 1986இல் நாடு முழுமைக்கும் இளையோர் நீதிச் சட்டம் அமைந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஆண், பெண் இருபாலார்க்கும் பதினெட்டு வயதே எல்லை என்று வகுத்தது.

பின்னர் 2012 டிசம்பர் 16ஆம் நாள் இரவு தில்லியில் நிகழ்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. குற்றவாளிகளுள் ஒருவன் பதினெட்டை எட்டாதவன். மூன்றாண்டுகள் சிறப்பு இல்லத்தில் இருந்து 2015 டிசம்பரில் அவன் வெளிவந்தான். மக்களின் சினம் கரைபுரண்டது. அதே மாதத்தில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. ஏழாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய கொடுங்குற்றத்தைப் பதினாறு முதல் பதினெட்டு வயதிற்குட்பட்டவன் செய்தால், இளையோர் நீதிக் குழுமம் அவன் மனநிலையையும் விளைவை உணரும் ஆற்றலையும் முதற்கண் மதிப்பிடும். தேவை என்று கண்டால் சிறுவர் நீதிமன்றம் அவனைப் பெரியவனைப் போல் விசாரிக்கலாம். மரண தண்டனையும், விடுதலைக்கு வழியற்ற ஆயுள் தண்டனையும் மட்டும் விதிக்கலாகாது.

இங்கேதான் என் நண்பர்களின் வாதம் மீண்டும் என் நினைவிற்கு வருகிறது. அம்மையாரின் பள்ளிகளில் பெரும்பாலோர் திருடிய பிள்ளைகள். கொலை புரிந்தவனுக்கும் அவர் வழி பொருந்துமா? கேட்கத்தக்க கேள்வியே. இழந்தவர்களின் கண்ணீரை எந்தச் சட்டமும் சிறிதாக எண்ணுதல் கூடாது. ஆயினும் அறிவியல் மாணவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஒரு கரைசலின் அளவை ஒரே முறை பார்த்து எழுதினால் எங்கள் பேராசிரியர் ஏற்கமாட்டார். மும்முறை அளந்து வா என்பார். ஒரு பையனின் உள்ளம் குற்றம் நடந்த அந்த நாளில் எப்படியிருந்தது என்பதையோ, மாதங்கள் கழித்து மூன்று மாத எல்லைக்குள் அளந்து சொல்லுமாறு இச்சட்டம் கேட்கிறது. எங்கள் நகரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள் இம்மதிப்பீட்டிற்கு வழிமுறைகள் வகுக்க முயன்றுள்ளனர். ஆனால் மீண்டும் அளக்க முடியாத ஒன்றை அளக்க எவ்வளவு நுண்ணிய கருவியும் திணறத்தான் செய்யும்.

அதே சட்டத்தின் மற்றொரு விதியை நான் படித்தபோது வியந்தேன். அவ்வாறு தண்டனை பெற்றவன் இருபத்தொரு வயது வரை சிறையில் அல்ல, பாதுகாப்பிடத்தில் இருப்பான். அங்கே அவனுக்குக் கல்வியும் தொழிலும் அறிவுரையும் தரவேண்டும். இருபத்தொன்று ஆனதும், அவன் திருந்தினானா என்று நீதிமன்றம் மீண்டும் பார்க்கவேண்டும். திருந்தியிருந்தால் கண்காணிப்புடன் விடலாம். இல்லையேல் எஞ்சிய காலத்திற்குச் சிறைக்கு அனுப்பலாம். இது மேரி கார்பென்டரின் குரல் அன்றோ? குற்ற நாளில் அவன் யார் என்பதை மட்டும் பார்க்காமல், இடைப்பட்ட ஆண்டுகளில் அவனை நாம் யாராக வளர்த்தோம் என்பதையும் பார்க்கும் விதி இது. அப்படியாயின், அவ்வாண்டுகளில் அவ்வில்லத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதே தலையாய வினாவாகிறது. அவ்வில்லம் பொய்த்தால் இருபத்தொன்றாம் வயதில் நடக்கும் சோதனையும் பொய்யாகும்.

அவ்வில்லங்கள் எப்படியிருக்கின்றன? செங்கற்பட்டை மீண்டும் நினைக்கவேண்டும். 2022 டிசம்பர் இறுதியில், இரயில்வே மின்கலம் திருடியதாகப் பிடிபட்ட பதினேழு வயதுப் பையன் ஒருவன் அவ்வூர் அரசினர் இல்லத்தில் இறந்தான். அவனை அடித்ததாக இல்ல ஊழியர் அறுவர் கைது செய்யப்பட்டனர். தமிழக அரசு நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. சிறைக்குப் பதிலாக வீடு என்று எந்த ஊரில் தொடங்கினோமோ, அந்த ஊரிலேயே ஒரு தாய் தன் மகனைப் பிணமாகப் பெற்றாள். சட்டத்தில் எத்தனை வயதை எழுதினாலென்ன, இல்லத்தின் உள்ளே வளர்ப்பவர் இல்லையெனில்?

நண்பர்களுக்கு இப்போது என் விடையைச் சொல்வேன். கொடுங்குற்றம் செய்த இளைஞனைப் பொறுப்பற்று விட்டுவிடுதல் நீதியாகாது. இழந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு அது. ஆனால் அவன் எத்தனை ஆண்டுகள் அடைபட்டிருக்கவேண்டும் என்று சந்தையில் பேரம் பேசுவதுபோல் பேசிவிட்டு, அவ்வாண்டுகளில் அவனுக்கு யார் கல்வி கற்பிக்கிறார், யார் தொழில் சொல்லித் தருகிறார், யார் அவன் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று கேளாதிருப்பதும் நீதியாகாது. கந்தலுடைச் சிறுவனைப் பின்தொடர்ந்து வீடு வரை போய்ப் பார் என்ற டக்கர்மனின் சொல் மேரியை நாற்பதாண்டுகள் நடக்கவைத்தது. நாம் தீர்ப்பு வாசிக்கப்படும் வரைதான் பின்தொடர்கிறோம். அதன்பின் அச்செய்தி நாளேட்டிலிருந்து மறைகிறது; நம் நினைவிலிருந்தும் மறைகிறது.

தமிழ் மன்றத்து நண்பர்களே! நாம் பிழைப்பும் படிப்பும் தேடி வேற்று மாநிலத்துக்கு வந்தவர்கள். இந்நகரில் ஓசூர்ச் சாலையில் சிறுவர் இல்லம் இருக்கிறது. நாள்தோறும் பேருந்தில் அதைக் கடந்து போகின்றோம். ஊரைவிட்டு ஓடிவந்து, வழிதவறி, தமிழ் மட்டுமே தெரிந்த பையன் ஒருவன் அங்கே அமர்ந்திருக்கக்கூடும். உரிய அனுமதி பெற்று, ஞாயிறுதோறும் இருவர் சென்று ஒரு மணி நேரம் கணக்கோ எழுத்தோ சொல்லிக் கொடுத்தால் என்ன? மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன். அன்று பூங்காவில் என்னோடு வாதிட்ட நண்பர்கள் இருவரும் இதனை வழிமொழிய இசைந்துவிட்டனர். தண்டனையைப் பற்றி அவர்களுக்குள் இன்றும் உடன்பாடு இல்லை; பாடம் சொல்லிக் கொடுக்க மட்டும் இருவரும் வருகிறார்கள்.